பத்து மணிக்கு நின்ற கச்சேரி: தண்டையார்பேட்டைத் தெரு ஒன்றின் மூன்று ஆடி மாதங்கள்

எங்கள் தெருவுக்கு என்று ஆண்டுக்கு ஒரு ராத்திரி உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பகலில் கூழும் கருவாட்டுக் குழம்பும், சாயங்காலம் அம்மன் ஊர்வலம், அப்புறம் தெருவின் ஒரு முனையில் மேடை போட்டுக் கானா கச்சேரி. 2022-இல் அந்தக் கச்சேரி பாதியிலேயே நின்றது. ஏன் நின்றது, அடுத்த இரண்டு ஆடியிலும் என்னென்ன செய்து பார்த்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எங்கள் தெரு மன்றத்தின் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மன்றத்தில் நான் பொருளாளர். ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறுவதால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மட்டுமல்ல, யார் எதற்கு மனம் நொந்தார்கள் என்பதும் முதலில் என் காதுக்குத்தான் வரும்.

வடசென்னையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போக ஓர் இடம் கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. இடம் கிடையாது என்பது உண்மை. ராத்திரி கிடையாது என்பது உண்மையல்ல. காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மணிக்கெல்லாம் ஏலம் கூவத் தொடங்கிவிடுவார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய வரிசையில் நிற்கும். மணலி ஆலைகளில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருபவன் பொழுது விடிந்துதான் படுப்பான். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ங்கா என்னும் நூடுல்ஸ் வகைகள் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டிகளில் இன்னும் கொதிக்கின்றன. சௌகார்பேட்டையில் இருட்டிய பிறகுதான் தின்பண்டக் கடைகளுக்குக் கூட்டமே சேரும். இங்கே பாதிப் பேர் விழித்திருப்பது வேலைக்காக. மீதிப் பாதி, வேலை முடிந்த களைப்பை எங்கேயாவது இறக்கிவைக்க நினைப்பவர்கள். இந்த இரண்டு கூட்டமும் பன்னிரண்டு அடி அகலத் தெருவில் எதிரெதிர் வீடுகளில் குடியிருக்கின்றன. 2022-இல் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருந்தது. அது பிற்பாடுதான் எங்களுக்கு உறைத்தது.

முன்பெல்லாம் அந்தக் களைப்பை இறக்கிவைக்கத் தியேட்டர் இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அகஸ்தியா 1967-இல் திறந்தது. எங்கள் தெருவில் மூன்று தலைமுறை அதில் படம் பார்த்திருக்கிறது. இரண்டாம் ஆட்டம் விட்டு ஒரு மணிக்குக் கும்பலாக நடந்து வருவோம். வழியில் பரோட்டா கல்லின் சத்தம் கேட்கும். பெண்களும் அந்தக் கும்பலில் நடந்து வருவார்கள். தெருவே கூட நடக்கும்போது பயம் ஏது? 2020-இல் கொரோனா காலத்தில் அகஸ்தியா மூடப்பட்டது. பெரம்பூரில் 1985-இல் திறந்த பிருந்தாவும் 2025-இல் மூடிவிட்டது. முதல் தமிழ்ப் பேசும் படம் 1931 அக்டோபர் 31-இல் வெளியானது கினிமா சென்ட்ரலில். பிறகு முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய அந்தக் கொட்டகையும் இதே வடக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தமிழ் சினிமா வாய் திறந்த பக்கத்தில் இன்று ஒரு குடும்பம் நடந்தே போய்ப் படம் பார்க்கக்கூடிய தியேட்டர்களை எண்ண ஒரு கை போதும்.

தியேட்டர் போன பிறகு தெருக் கச்சேரியின் கனம் கூடிவிட்டது. பதினைந்து நாள் முன்பிருந்தே பிள்ளைகள் "இந்த வருஷம் யார் வர்றாங்கண்ணா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆடியும் கச்சேரி இல்லாமல் போனதால், 2022-இல் எதிர்பார்ப்பு இன்னும் ஏறியிருந்தது.

வசூலும் நன்றாகவே வந்தது. அதற்கு மீன்பிடித் தடைக்காலம் ஒரு காரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கம் அடகுக் கடைக்குத்தான் வேலை. தடை முடிந்து படகுகள் போய் நிறைய மீனோடு திரும்ப, ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. அதற்குள் ஒரு மாதக் கூலி கைக்கு வந்திருக்கும். அதனால்தான் எங்கள் ரசீதுப் புத்தகம் சித்திரைத் திருவிழாவுக்கு மெலிந்தும் ஆடிக்குப் பருத்தும் இருக்கும்.

2022: அன்று ராத்திரி

வியாசர்பாடியிலிருந்து கானா பாடகர் ஒருவரை அழைத்திருந்தோம். அவரோடு டோலக், கீபோர்டு, ரிதம் பேட் என்று நான்கு பேர். பாடகர் ஐம்பதைத் தாண்டியவர். சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடி வளர்ந்தவர். கானா அங்கிருந்துதான் வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் ராத்திரியில், செத்தவனின் பெருமையையும் இருப்பவனின் பாடுகளையும் டோலக்கோடு, டோலக் இல்லாவிட்டால் தீப்பெட்டியோடு பாடிய மரண கானா அது. 1990-களில் தேவாவின் இசையில் அது சினிமாவுக்குப் போனது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். அயோத்திதாசரின் "சாதி பேதமற்ற தமிழர்" என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது என்று திரும்பி வந்த ஒருவன் தெருவுக்கே விளக்கினான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. எங்கள் பாட்டைக் கேட்க நாங்கள் வேன் பிடித்துப் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு யாரோ கைப்பேசியில் முழுவதும் பதிவு செய்திருந்தார்கள். பிற்பாடு அதைப் பார்த்து நிமிடம் நிமிடமாகக் குறித்தேன். கச்சேரி ஏழு மணிக்கு என்று பேனர். ஏழு மணிக்கு ஜெனரேட்டர் ஒயர் எட்டவில்லை. ஏழு நாற்பதுக்கு மைக் சோதனை. எட்டு பத்துக்கு நன்கொடையாளர் பட்டியலை மைக்கில் வாசிக்கத் தொடங்கினோம். கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தொகை என்று இருபத்தைந்து நிமிடம். அப்புறம் பொன்னாடை. பொன்னாடை போர்த்தப்பட்டவர் நன்றி சொல்ல வேண்டும், அவர் நன்றி சொன்னால் பக்கத்தில் இருப்பவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். முதல் பாட்டு தொடங்கும்போது மணி எட்டு ஐம்பத்திரண்டு.

அதிலிருந்து ஒரு மணி நேரம் தெரு தெருவாகவே இல்லை. மாடி விளிம்பெல்லாம் தலைகள். வாசற்படிகளில் பெண்கள், அவர்கள் மடியில் தூங்கும் குழந்தைகள். பத்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து மன்றத் தலைவருக்குப் போன் வந்தது. "இன்னும் ரெண்டு பாட்டுதான் சார்" என்றார். பத்து பதினெட்டுக்கு ஜீப் வந்தது. வந்த அதிகாரி மேடை ஏறவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார், அவ்வளவுதான். பல்லவியின் பாதியில் மைக் செத்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஒரு நாற்காலி பறந்தது. "கேஸ் போட்டா மன்றத்து மேல போடமாட்டோம், பசங்க மேலதான் போடுவோம்" என்று அவர் சொன்னதும் பெரியவர்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஆம்ப்ளிஃபயர் ஜீப்பில் ஏறியது. மறுநாள் நண்பகலில் எழுதிக் கொடுத்து வாங்கி வந்தோம்.

பாடகர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டாக அவருடைய அப்பா கட்டிய மரண கானா ஒன்றை வைத்திருந்தாராம். அதைப் பாடவே முடியவில்லை. பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்தோம். அவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நோட்டுகளைக் கையில் வாங்கிய கணம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

யார் சொன்னது?

முதல் இரண்டு நாள் தெருவில் ஒரே கேள்விதான்: போலீசுக்குப் போன் போட்டது யார்? மூலையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்காரர்கள் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் மேடைக்கு எதிர்வீட்டு மீன்காரக்கா என்னைக் கூப்பிட்டு, "நான்தான்பா போன் பண்ணேன்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தங்கை மாதிரி. ரசீதில் ஆயிரம் ரூபாய் எழுதியவர்.

"நான் ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போவணும். எட்டு மணிக்குப் படுத்தாத்தான் எழ முடியும். பாடறத வேணாம்னு நான் சொல்லலப்பா. பீரோ மேல வெச்ச சில்வர் குடம் அதிருது, நெஞ்சு அதிருது. பத்து மணிக்கு முடிஞ்சிடும்னு சீட்டுல போட்டீங்க. பத்து மணி வரைக்கும் பொறுத்துக்கினேன்."

இதை மன்றக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் அவர் மேல் கோபப்படவில்லை. தடியெடுக்கத் தயாராக இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் நாலு பேரின் அம்மா மீன் கூடை சுமந்தவர்கள். அதற்கப்புறம்தான் உருப்படியாக யோசிக்கத் தொடங்கினோம்.

அவர் சொன்னதில் இரண்டு குற்றச்சாட்டு இருந்தது. ஒன்று நேரம், இன்னொன்று அதிர்வு. நேரக் கணக்கைப் பதிவிலிருந்து எடுத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று மணி இருபது நிமிடம் தெருவை அடைத்துவைத்து, அதில் பாட்டுக்குக் கொடுத்தது எண்பத்தெட்டு நிமிடம். மீதியெல்லாம் ஒயர், பட்டியல், பொன்னாடை, பேச்சு. பத்து மணியைத் தாண்டியதற்குப் பாடகர் காரணமல்ல. நாங்கள்தான்.

அதிர்வைப் பற்றி சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கேட்டேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு பேஸ் பாக்ஸ், அதாவது கனத்த ஒலிக்கான ஒலிபெருக்கிகளை அடுக்கி, தெருவின் நீளத்தைப் பார்த்துத் திருப்பிவைத்திருந்தார். திறந்த மைதானத்தில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி ஆறு டெசிபல் வரை குறைந்துகொண்டே போகும். எங்கள் தெருவில் அப்படிக் குறையாது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தெரு ஒரு குழாய் மாதிரி ஒலியைக் கடத்துகிறது. அதிலும் கீச்சென்ற ஒலியைக் கதவு தடுக்கும், பேஸை எந்தக் கதவும் தடுக்காது. அது சுவர் வழியாகவே போய்க் குடத்தை ஆட்டும். கடைசி வீட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று சத்தம் வைத்தால் முதல் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அதிரும். மீன்காரக்கா வீடு முதல் வீடு.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

அதுவரை யாரும் விதியைப் படித்ததில்லை. அனுமதிச் சீட்டில் "இரவு 10 மணி வரை" என்று இருக்கும், கீழே கையெழுத்துப் போடுவோம். அந்த ஆடிக்குப் பிறகுதான் ஒலி மாசு விதிகள், 2000-ஐ வாங்கிப் படித்தேன். அதில் பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. எழுத்து அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பண்பாட்டு, சமய விழாக்களுக்காகப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். அந்த நாட்களை அரசு முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். 2005-இல் உச்ச நீதிமன்றமும் இந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஒரு தெரு மன்றம் மனு கொடுத்து வாங்கக்கூடிய சலுகை அல்ல.

மைக்கை அணைத்துவிட்டு வெறும் டோலக்கோடு பாடலாமே என்று பிள்ளைகள் சொன்னார்கள். 2010-இல் வந்த திருத்தம் அதையும் மூடிவிட்டது. இரவில் இசைக்கருவியும் கூடாது.

என்னை நிறுத்திப் போட்டது இன்னொரு வரி. மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு. அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம், இவற்றின் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படியானால் பத்து மணிக்கு மேலும் பாடலாம். சட்டம் பாட்டைத் தடுக்கவில்லை. சுவர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நுங்கம்பாக்கத்திலும் கிண்டியிலும் நட்சத்திர ஓட்டலுக்குள் நள்ளிரவு வரை இசை கேட்பவருக்குச் சுவர் இருக்கிறது. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய சுவர் தியேட்டர். அதுவும் மூடிவிட்டது.

தள்ளுவண்டிக்காரர்களுக்கும் இதே கதைதான். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022-இலும் 2025-இலும் அதை நீட்டித்தது. அந்த ஆணை 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக இட்லி சுடும் வண்டிக்கு அது பொருந்தாது. அந்த வண்டியை நம்பித்தான் ராத்திரி ஷிப்ட்காரர்கள் இருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2023: மண்டபத்துக்குப் போனோம்

சரி, சுவர்தானே கேட்கிறார்கள் என்று அடுத்த ஆடியில் கல்யாண மண்டபம் பார்த்தோம். இது எனக்கு வந்த யோசனை, அதனால் இதன் தோல்விக்கும் நான்தான் பொறுப்பு. ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். முகூர்த்த நாளில் கிட்டக்கூட நெருங்க முடியாத வாடகையைப் பாதிக்கும் கீழே குறைத்துக் கொடுத்தார் மண்டபக்காரர். தெருவில் ஒன்பதரை வரை சாமி பாட்டும் சிறுவர் நடனமும், பத்து மணியிலிருந்து மண்டபத்துக்குள் கானா என்று திட்டம். ஐந்து நிமிட நடைதான். அதே பாடகரை அழைத்தோம். "இந்தத் தடவை முழுசா பாடிட்டுத்தான் போவேன்" என்று வந்தார்.

அவர் முழுதாகப் பாடினார். கேட்கத்தான் தெரு வரவில்லை. நானூறு நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் நூற்றுச் சொச்சம். அதில் பெண்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். மறுநாள் எங்கள் அண்ணியிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வாசப்படியில நைட்டியோட உக்காந்து பாக்கலாம். மண்டபத்துக்கு நைட்டியோட வர முடியுமா? புள்ள தூங்கினா எங்க போட்றது? பாதியில அடுப்பப் பாத்துட்டு வர முடியுமா?" என்றார்.

இந்த மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. கச்சேரி என்றால் மேடையும் பாட்டும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருப் பெண்களுக்குக் கச்சேரி என்றால் வாசற்படி. வேலையை விடாமல், வேஷம் கட்டாமல், வீட்டை விட்டு இறங்காமல் கிடைக்கிற ஒரே கேளிக்கை அது. சிறு வயதில் தியேட்டருக்குக் கும்பலாக நடந்து போனவர்கள்தான் அவர்கள். இன்று அந்தக் கும்பலும் இல்லை, தியேட்டரும் இல்லை. வாசற்படி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் மண்டபத்துக்கு மாற்றி நான் பிடுங்கிவிட்டேன்.

இரண்டாவது கோளாறு பத்து மணிக்கு டாஸ்மாக் மூடுவது. கடையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு எதிரே வெளிச்சமாக, பாட்டோடு, கதவு திறந்த ஒரு மண்டபம். உள்ளே வந்துவிட்டார்கள். தெருக் கச்சேரியிலும் குடித்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே அவனுடைய அம்மா படியில் உட்கார்ந்திருப்பாள், அத்தை மாடியில் இருப்பாள். "டேய், உள்ள போடா" என்று ஒரு குரல் வந்தால் போய்விடுவான். மண்டபத்தில் அந்தக் குரல் இல்லை. பதினொன்றரைக்குப் பக்கத்துத் தெருப் பையன்களோடு கைகலப்பு. ஒருவனுக்கு நெற்றியில் தையல். நாங்களே விளக்கை அணைத்துக் கச்சேரியை முடித்தோம். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய நிலைமை இருந்தும்.

அந்த ராத்திரி பாடகர் தன் அப்பாவின் பாட்டைப் பாடினார். பின்வரிசை ஆண்கள் கைப்பேசி வெளிச்சம் காட்டி விசில் அடித்தார்கள். மரண கானாவுக்கு விசில் அடிக்கக் கூடாது என்று சொல்லும் ஆயாக்கள் யாரும் அங்கே இல்லை.

2024: படிக்குத் திரும்பினோம்

மூன்றாம் ஆண்டு முதல் கூட்டத்தையே மீன்காரக்கா வீட்டு வாசலில், காலை பதினோரு மணிக்கு வைத்தோம். அதுதான் மீன் விற்று முடித்து அவர்கள் வீடு திரும்பும் நேரம். மன்றத்தின் வரலாற்றில் பெண்கள் உட்கார்ந்து பேசிய முதல் கூட்டம் அது. இதை நாங்கள் எப்போதோ செய்திருக்க வேண்டும்.

நேரத்தை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். ஐந்தரைக்குத் தொடங்கு, ஒன்பதரைக்கு முடி. ஆடி வெயிலில் ஐந்தரைக்கு எவன் வருவான் என்று ஆண்கள் கேட்டோம். "கடல் காத்து அடிக்கும்ல, எங்க வாசல்ல தினமும் நாங்க உக்காரல?" என்றார்கள். அது உண்மை. நாலு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று வரும், வீட்டுக்குள்தான் புழுக்கம். ஊர்வலத்தைக் காலைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருவர் அந்த ஆண்டு நன்கொடை தரவில்லை. பூசாரி சரி என்றதால் மாற்றினோம்.

பட்டியல் வாசிப்பதை நிறுத்தினோம். பெயர்களையும் தொகையையும் பெரிய எழுத்தில் பேனராக அடித்து மேடைக்குப் பக்கத்தில் கட்டினோம். இதில்தான் சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. மைக்கில் ஒரு தடவை காற்றோடு போகிற பெயர் பேனரில் பத்து நாள் தொங்கியது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பொன்னாடை ஒன்றே ஒன்று, பாடகருக்கு.

மேடையைத் தெருவின் மறுமுனைக்கு, கிடங்கின் குருட்டுச் சுவரை ஒட்டிக் கொண்டுபோனோம். அந்த முனையில் முதல் நான்கு வீட்டிலும் விடியற்காலை வேலைக்காரர்கள் இல்லை. ஆளுயர அடுக்குகளுக்குப் பதில் தெரு நீளத்துக்கு முப்பது அடிக்கு ஒன்றாகச் சின்ன பாக்ஸ்கள், குறைந்த சத்தத்தில். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பேஸ் இல்லன்னா கானா செத்துடும் தலைவரே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. டோலக்கின் இடது பக்கம் வயிற்றில் வந்து விழாவிட்டால் அது கானாவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு பேஸ் பாக்ஸை மேடைக்குக் கீழே, கிடங்குச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தார். மேடைக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளுக்கு அதிர்வு கிடைத்தது. நான் கச்சேரி நடக்கும்போதே மீன்காரக்கா வீட்டுக்குள் போய் பீரோ மேல் கை வைத்துப் பார்த்தேன். குடம் அசையவில்லை.

ஒயரை மதியம் இரண்டு மணிக்கே இழுத்து முடித்தோம். ஐந்து முப்பத்தைந்துக்கு முதல் பாட்டு. பாட்டு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தது. முதல் ஆண்டைவிட இரண்டு மடங்கு. ஏழு மணிக்கு எதிர்பாராத ஒன்று நடந்தது. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி மேடை ஏறி, தானே கட்டிய கானா பாடினாள், கன்டெய்னர் லாரிக்கு நடுவே சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதைப் பற்றி. ராத்திரி பத்து மணி மேடையாக இருந்திருந்தால் அவளை வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். நேரத்தை மாற்றியபோது இது எங்கள் கணக்கிலேயே இல்லை.

ஒன்பது ஐந்துக்கு எல்லா பாக்ஸையும் அணைக்கச் சொன்னார் பாடகர். மேடையை விட்டு இறங்கி, டோலக்காரரோடு தெரு நடுவில் உட்கார்ந்து அப்பாவின் பாட்டைப் பாடினார். மைக் இல்லை. தெருவில் அந்த ஆண்டு செத்தவர்கள் மூன்று பேரின் பெயரையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். படிகளில் இருந்த ஆயாக்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்கள். எட்டு மணிக்குப் படுக்கிற மீன்காரக்கா ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தார்.

இன்னும் தீராதது

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மணலியில் பகல் ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து எட்டு மணிக்கு மேல் வந்தவர்களுக்குப் பாதிக் கச்சேரிதான் கிடைத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும் துறைமுகத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. இளைஞர்களுக்கு மனக்குறை இருக்கிறது. ஒன்பதரைக்குத் தெரு காலியானதும் அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு மெரினாவுக்குப் போனார்கள். அப்படிப் போகும் ராத்திரிகளில் விபத்துச் செய்தி வராதா என்று எனக்கு உள்ளூர பயம் உண்டு. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. நகரத்துக்குப் போகச் சுலபம்தான். ஆனால் ஒருவன் தன் பாட்டைக் கேட்கத் தன் பேட்டையை விட்டுப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. என்ற ஒரு கட்சியே பிறந்தது. ஒரு பேட்டைக்கு நாலு பேர் கூட ஓர் இடம் இருந்தால் அங்கே என்னவெல்லாம் முளைக்கும் என்று எங்கள் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச் 14-இல் தங்கசாலையில் தொடங்கியது. அப்போது சொன்ன தொகை 4,181 கோடி ரூபாய். அதில் எங்கள் பேட்டைக்கு ஒரு ராத்திரிக் கூடம் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். சத்தம் வெளியே போகாத சுவர், பெண்களுக்குக் கழிவறை, குழந்தையைத் தூங்கவைக்க ஓர் அறை. இந்த மூன்றும் இருந்தால் பத்து மணிக்கு மேல் வேலை முடிந்து வருபவனுக்கும் ஒரு பாட்டு கிடைக்கும். நான்காவதாக ஒன்றைப் பெண்கள் சேர்க்கச் சொன்னார்கள். கூடத்தின் முன்பக்கம் தெருவைப் பார்த்து நீளமாகப் படிகள் இருக்க வேண்டும்; பத்து மணி வரை கதவு அகலத் திறந்து, பாட்டு படிக்கு வர வேண்டும்; பத்துக்கு மேல் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மனுவை வாங்கியவர் முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். படி எதற்கு என்று கேட்டார். நான் சொன்ன விளக்கம் அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த தடவை போகும்போது மீன்காரக்காவையும் அழைத்துப் போகிறோம். பதினோரு மணிக்கு மேல் என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.